ஒரே முகவரிக்குச் சில அஞ்சல்கள் போகின்றன, சில திரும்பி வருகின்றன: சொந்த அஞ்சல் வழங்கியில் வெளிச்செல்லும் மின்னஞ்சல் சிக்கல்

இழையைத் தொடங்கியவர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சிறு நிறுவனத்தின் மின்னஞ்சல் முழுவதும் அலுவலகத்திலேயே உள்ள ஒரு லினக்ஸ் வழங்கியில் (சர்வர்), போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் மென்பொருளில் இயங்குகிறது. வெளியிலிருந்து வரும் அஞ்சல்களில் எந்தக் குறையும் இல்லை. அலுவலகத்துக்குள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்பவையும் உடனுக்குடன் சேர்ந்துவிடுகின்றன. வெளியே அனுப்பும்போதுதான் தொல்லை.

ஒரு வாடிக்கையாளருக்குக் காலையில் அனுப்பிய அஞ்சல் சேர்கிறது. அதே வாடிக்கையாளருக்குப் பிற்பகலில் அனுப்பியது 550 என்ற எண்ணுடன் திரும்பி வருகிறது. இன்வாய்ஸ் இணைத்த அஞ்சல்கள் சில வரிசையிலேயே தேங்கிக் கிடக்கின்றன. இன்னும் சில அஞ்சல்கள் போய்விட்டதாக எங்கள் வழங்கியின் பதிவேட்டில் (லாக்) இருந்தாலும், பெறுபவர் அவற்றை ஸ்பேம் பெட்டியிலிருந்துதான் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் பெயரில் எந்த ஐபி முகவரிகள் அஞ்சல் அனுப்பலாம் என்று அறிவிக்கும் எஸ்பிஎஃப் பதிவு வைத்திருக்கிறோம்; அஞ்சலில் மின்கையொப்பமிடும் டிகிம் இன்னும் அமைக்கவில்லை. இணையத்தில் தேடினால் பெயர்களை ஐபி முகவரிகளோடு இணைக்கும் டிஎன்எஸ்ஸை மாற்று என்று ஒருவரும், ஐபி முகவரியை மாற்று என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். எதையும் தொடுவதற்கு முன் எங்கிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்களிடம் கேட்க விரும்புகிறேன்.

வழங்கி நிர்வாகி

வணக்கம் ஐயா. எதையும் மாற்றாமல் கேட்டது மிக நல்லது. பலரும் ஒரே மாலையில் ஐந்து அமைப்புகளை மாற்றிவிட்டு, எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

தாங்கள் விவரித்திருப்பது ஒரு சிக்கல் அல்ல, மூன்று. திரும்பி வருவது, தேங்குவது, ஸ்பேம் பெட்டிக்குள் போவது ஆகிய மூன்றும் அஞ்சல் உரையாடலின் வெவ்வேறு கட்டங்களில் நிகழ்கின்றன. ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு உதவாது. நம் வழங்கி, அஞ்சலுக்கான 25ஆம் போர்ட்டில், பெறுபவர் பக்கத்து வழங்கியான எதிர்வழங்கியுடன் இணைந்து, தன் பெயரைச் சொல்லி, அனுப்புநரையும் பெறுநரையும் அறிவித்து, பின்னர் அஞ்சலின் உள்ளடக்கத்தைத் தருகிறது. ஒவ்வொரு படியிலும் எதிர்வழங்கி மூன்று இலக்க எண் ஒன்றைத் திருப்பிச் சொல்கிறது. 2இல் தொடங்கினால் ஏற்பு. 4இல் தொடங்கினால் "இப்போது முடியாது, பிறகு வா" என்று பொருள். அந்த அஞ்சல் வரிசையில் காத்திருந்து மீண்டும் முயலும். 5இல் தொடங்கினால் மறுமுயற்சி வேண்டாம் என்று பொருள். அது அனுப்பியவருக்கே திரும்பும். உள்ளடக்கம் முழுவதும் போன பிறகு 250 வந்துவிட்டால், அந்த அஞ்சலுக்கான பொறுப்பு எதிர்வழங்கியுடையதாகிவிடுகிறது. அதற்குப் பிறகு அதை இன்பாக்ஸில் வைப்பதா, ஸ்பேமில் வைப்பதா என்பதை நம் பதிவேடு ஒருபோதும் சொல்லாது.

ஆகவே பதிவேட்டில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு வரியை முழுமையாக எடுத்துத் தாருங்கள். எண் மட்டும் போதாது. அதற்கு அடுத்து வரும் 5.7.1 போன்ற நீட்டிப்புக் குறியீடும், எதிர்வழங்கி எழுதியிருக்கும் வாசகமும் வேண்டும். 550 என்பது முகவரி இல்லை என்பதற்கும் வரும், உங்களை நம்ப முடியவில்லை என்பதற்கும் வரும். முதலாவதற்குப் பெரும்பாலும் 5.1.1 என்றும், இரண்டாவதற்கு 5.7 என்று தொடங்கும் குறியீடும் சேர்ந்து வரும்.

வணிக மின்னஞ்சல் ஆலோசகர்

சற்று மாறுபட்ட கருத்து என்னுடையது. சிறு நிறுவனம் தன் நேரத்தை இதில் செலவிடுவதைவிட, வெளிச்செல்லும் அஞ்சல்களை மட்டும், நமக்காக அவற்றை வாங்கி அனுப்பும் ஒரு ரிலே சேவையிடம் 587ஆம் போர்ட்டில், கடவுச்சொல்லுடன் ஒப்படைத்துவிடலாம். பெட்டிகள் அலுவலகத்திலேயே இருக்கட்டும். ஐபி முகவரியின் நற்பெயரைக் காக்கும் வேலை ரிலே நடத்துபவர்களிடம் போய்விடும். இதையும் மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

இழையைத் தொடங்கியவர்

இருவருக்கும் நன்றி. பதிவேட்டிலிருந்து எடுத்தவற்றின் பொருளைத் தருகிறேன். முகவரிகளை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

திரும்பியவற்றில் ஒன்றுக்கு 550, அதனுடன் 5.7.25, "அனுப்பும் ஐபி முகவரிக்குப் பிடிஆர் பதிவு இல்லை" என்ற வாசகம் (பிடிஆர் என்பது ஐபி முகவரியிலிருந்து பெயரைத் தரும் டிஎன்எஸ் பதிவு). இன்னொன்றுக்கு 554, "உங்கள் ஐபி முகவரி தடைப்பட்டியலில் உள்ளது." தேங்கியவற்றில் எல்லாம் ஒரே வாசகம்: "செய்தியின் உள்ளடக்கத்தை அனுப்பும்போது நேரம் கடந்துவிட்டது." ஸ்பேமில் விழுந்தவற்றுக்கு 250 என்ற ஏற்பு தெளிவாக இருக்கிறது.

எனக்குப் புரியாதது இதுதான். எங்கள் ஐபி முகவரியான 203.0.113.10க்குப் பிடிஆர் பதிவு இருக்கிறது. டிஎன்எஸ்ஸைத் தேடும் டிக் கட்டளையில் பார்த்தால் பெயர் சரியாகவே வருகிறது. பிறகு ஏன் இல்லை என்கிறார்கள்?

பிணையப் பொறியாளர்

அந்த வாசகத்தை நம்புங்கள். எதிர்வழங்கி பார்த்த ஐபி முகவரிக்குப் பிடிஆர் இல்லை, அவ்வளவுதான். அது பார்த்த முகவரி தாங்கள் நினைக்கும் முகவரிதானா என்பதுதான் கேள்வி. ஒரே பெறுநருக்குக் காலையில் போய், பிற்பகலில் போகவில்லை என்றால், வழங்கியின் அமைப்பு மாறவில்லை, டிஎன்எஸ் மாறவில்லை, வெளியேறும் வழி மாறியிருக்கலாம் என்பதே எனக்கு முதலில் தோன்றும் ஐயம்.

தங்கள் அலுவலகத்தில் இரண்டு இணைய இணைப்புகள் உள்ளனவா? உலாவியைத் திறந்து "என் ஐபி முகவரி என்ன" என்று பார்ப்பது இதற்கு உதவாது. உலாவி ஒரு வழியாகவும், அஞ்சல் வேறு வழியாகவும் வெளியேறக்கூடும். வழங்கியிலிருந்து வெளியிலுள்ள ஒரு பெட்டிக்குச் சில அஞ்சல்களை இடைவெளி விட்டு அனுப்புங்கள். சேர்ந்த ஒவ்வொன்றின் முழு ஹெடரையும் (அஞ்சலின் தலைப்பு வரிகள்) திறந்து, பெறும் பக்கத்து வழங்கி எழுதிய ரிசீவ்ட் வரியைப் பாருங்கள். ஹெடரில் இருப்பவற்றில் நாம் ஐயமின்றி நம்பக்கூடிய வரி அதுதான், ஏனெனில் அதைப் பெறுபவர் தம் கண்ணால் கண்டு எழுதுகிறார்; அதற்குக் கீழுள்ளவற்றை யார் வேண்டுமானாலும் புனைந்து சேர்க்கலாம்.

அப்படியே ஐபி முகவரியின் புதிய வடிவமான ஐபிவி6 முகவரி ஏதேனும் தென்படுகிறதா என்றும் கவனியுங்கள். வழங்கிக்கு ஐபிவி6 இணைப்பு தானாகவே கிடைத்து, அதற்குப் பிடிஆரும் எஸ்பிஎஃப்பும் இல்லாமல் விடப்படுவது மிகப் பரவலான காரணம்.

இழையைத் தொடங்கியவர்

ஐயம் சரியாகவே இருக்கிறது. சில அஞ்சல்களில் 203.0.113.10 உள்ளது, சிலவற்றில் 198.51.100.77. ஐபிவி6 இல்லை. முதல் இணைப்பு அறுந்தால் கைகொடுக்கட்டும் என்று வேறொரு நிறுவனத்தின் இணைப்பையும் வாங்கியிருந்தோம். ரவுட்டரோ இரண்டையும் சமமாகப் பங்கிட்டுப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது. இரண்டாவது இணைப்பின் முகவரி நிலையானது அல்ல. அதற்கும் பிடிஆர் கேட்டு வாங்க வேண்டுமா, அல்லது எஸ்பிஎஃப்பில் சேர்த்தால் போதுமா?

பிணையப் பொறியாளர்

இரண்டுமே வேண்டாம். நிலையற்ற முகவரியிலிருந்து அஞ்சல் அனுப்பவே கூடாது. அந்த 554 மறுப்பும் அதனால்தான் வந்திருக்கும். ஸ்பாம்ஹாஸ் என்ற அமைப்பு நடத்தும் தடைப்பட்டியல்களில் பிபிஎல் என்று ஒன்று உண்டு. இந்த முகவரித் தொகுதியிலிருந்து நேரடியாக அஞ்சல் வரவேண்டியதில்லை என்று குறிப்பது மட்டுமே அதன் வேலை. வீட்டு இணைப்புகளும் மாறும் முகவரிகளும் பெரும்பாலும் அதில் இருக்கும். அது யாரையும் குற்றம் சாட்டும் பட்டியல் அல்ல. ஆகவே அதிலிருந்து நீக்கச் சொல்லி விண்ணப்பிப்பதில் பயனில்லை, தேவையும் இல்லை.

ரவுட்டரில் வழங்கியின் உள்முகவரியிலிருந்து 25ஆம் போர்ட்டுக்குப் போகும் எல்லாவற்றையும் முதல் இணைப்போடு மட்டும் கட்டிப்போடும் விதியை எழுதுங்கள். முதல் இணைப்பு அறுந்தாலும் அவை இரண்டாவதற்குத் தாவக் கூடாது. அறுந்திருக்கும் நேரத்தில் என்ன ஆகும் என்ற கவலை வேண்டாம். காத்திருப்பது இந்த நெறிமுறையின் இயல்பு. போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாகவே 5 நாள் வரை வரிசையில் வைத்து முயலும். அலுவலகத்தின் வேறு எந்தக் கருவியும் 25ஆம் போர்ட்டைப் பயன்படுத்தாதபடி, வழங்கி தவிர மற்ற எல்லாக் கணினிகளுக்கும் அந்தப் போர்ட்டை வெளிப்பக்கம் மூடிவிடுங்கள். அலுவலகத்தில் ஏதோ ஒரு மடிக்கணினியில் தீநிரல் புகுந்தாலும் உங்கள் நிலையான முகவரி பட்டியலில் ஏறாமல் காப்பது இந்த ஒற்றை விதிதான். இதைச் செய்யாத அலுவலகங்களே மிகுதி என்பதை வருத்தத்துடன் சொல்கிறேன்.

வழங்கி நிர்வாகி

முன்னவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 5 நாள் கழித்துத்தான் அனுப்பியவருக்குத் தோல்வி தெரியவரும் என்பது வணிகத்தில் மிக நீண்ட நேரம். டிலே வார்னிங் டைம் என்ற அமைப்பு இயல்பில் 0, அதாவது எச்சரிக்கையே போகாது. அதை 4 மணி நேரமாக வையுங்கள். அஞ்சல் இன்னும் காத்திருக்கிறது என்ற அறிவிப்பு அனுப்பியவருக்குச் செல்லும், அவர் தொலைபேசியை எடுத்துப் பேசிக்கொள்வார்.

பிடிஆர் இருக்கிறது என்றீர்கள். ஆனால் அது இருந்தால் மட்டும் போதாது, இரு திசையிலும் பொருந்த வேண்டும். 203.0.113.10 எந்தப் பெயரைத் தருகிறதோ, அந்தப் பெயரை மீண்டும் தேடினால் அதே 203.0.113.10 வர வேண்டும். முதலாவதை ஐபி முகவரியைத் தந்த இணைய நிறுவனம்தான் பதிய முடியும். இரண்டாவது டொமைனின் டிஎன்எஸ்ஸில், அதாவது தங்கள் கையில் இருக்கிறது. டொமைன் வாங்கிய இடத்தில் பிடிஆரைத் தேடிக் களைத்துப்போவோர் உண்டு. அது அங்கே இருக்காது. உரையாடலின் தொடக்கத்தில் வழங்கி தன்னை அறிமுகப்படுத்தும் பெயரும் இதே பெயராக இருக்கட்டும். லோக்கல்ஹோஸ்ட் என்றோ, அலுவலகத்துக்கு உள்ளே மட்டும் செல்லுபடியாகும் பெயரோ சொல்லக் கூடாது.

இழையைத் தொடங்கியவர்

விதியை எழுதிவிட்டோம். பெயர்களும் இரு திசையிலும் பொருந்துகின்றன. 550, 554 இரண்டும் அடியோடு நின்றுவிட்டன. தேங்குவது மட்டும் நிற்கவில்லை. சிறிய அஞ்சல்கள் நொடியில் போகின்றன. இன்வாய்ஸ் இணைத்தவை சில பெறுநர்களுக்கு மட்டும் நகர மறுக்கின்றன. அளவுக்கட்டுப்பாடு என்றால் மறுப்பு வந்திருக்க வேண்டும் அல்லவா?

பிணையப் பொறியாளர்

ஆம், அளவு மிகுதி என்றால் 552 என்ற தெளிவான மறுப்பு வந்திருக்கும். இங்கே மௌனம் நிலவுகிறது. இணைப்பு ஏற்பட்டது, பெயர்களும் முகவரிகளும் பரிமாறப்பட்டன, உள்ளடக்கத்தைத் தொடங்கிய உடனே உறைந்துவிட்டது. அதுவரை போனவையெல்லாம் சிறிய பாக்கெட்டுகள். முதல் முழு அளவு பாக்கெட் புறப்பட்டதும் அது தொலைந்துபோகிறது. தங்கள் முதல் இணைப்பு, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தந்து இணையும் பிபிபிஓஇ வகையைச் சேர்ந்ததாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு 1500 பைட். பிபிபிஓஇ தன் பங்காக 8 பைட்டை எடுத்துக்கொள்வதால் மிஞ்சுவது 1492. அதைவிடப் பெரியது வந்தால், "இது பெரிது, சிறிதாக்கி அனுப்பு" என்ற ஐசிஎம்பி (பிணையப் பிழையறிவிப்பு) செய்தியை ரவுட்டர் வழங்கிக்கு அனுப்பும். வழங்கியின் ஃபயர்வால் ஐசிஎம்பி முழுவதையும் தடுத்திருந்தால் அந்தச் செய்தி வழங்கியின் காதில் விழாது. அது அதே பெரிய பாக்கெட்டை மீண்டும் மீண்டும் அனுப்பி ஓய்ந்துவிடும். இணைப்பின் தொடக்கத்திலேயே சிறிய அளவைக் கேட்டுவிடும் பெறுநர்களுக்கு இந்தத் தடங்கல் தெரியவே தெரியாது. அதனால்தான் சிலருக்கு மட்டும் நேர்கிறது.

சோதிப்பது எளிது. வழங்கியிலிருந்து, பாக்கெட்டைத் துண்டிக்கக் கூடாது என்ற குறியுடன், 1472 பைட் அளவில் வெளியே பிங் அனுப்பிப் பாருங்கள். பிறகு 1464 அளவில் அனுப்புங்கள். ஐபி, ஐசிஎம்பி தலைப்புகளுக்கான 28 பைட்டைக் கூட்டினால் அவை முறையே 1500, 1492 ஆகும். முதலாவது விடையின்றிப் போய், இரண்டாவதற்கு விடை வந்தால் காரணம் உறுதி. தீர்வு இரண்டு, இரண்டையும் செய்யுங்கள். ரவுட்டரில் டிசிபியின் எம்எஸ்எஸ் மதிப்பை, அதாவது ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தரவின் உச்ச அளவை, 1452க்கு மட்டுப்படுத்துங்கள். ஃபயர்வாலில் "துண்டிக்க வேண்டும்" என்று சொல்லும் ஐசிஎம்பி வகையை உள்ளே விடுங்கள். ஐசிஎம்பியை முழுவதும் அடைப்பது பாதுகாப்பு என்று பல வழிகாட்டிகள் எழுதுகின்றன. பிணையத்தின் பிழையறிவிக்கும் வாயையே அடைப்பதாகத்தான் அதை நான் கருதுகிறேன்.

இழையைத் தொடங்கியவர்

1472 போகவில்லை, 1464 போனது. எம்எஸ்எஸ்ஸை மாற்றியதும் வரிசை தானாகக் காலியானது. ஆனால் ஒரு வாடிக்கையாளர், தமக்கு ஒரே இன்வாய்ஸ் பல முறை சேர்ந்திருப்பதாகச் சொன்னார்.

வழங்கி நிர்வாகி

அதுவும் நேரக்கூடியதே. உள்ளடக்கத்தின் இறுதியை அனுப்பிவிட்டு 250க்குக் காத்திருக்கும்போது இணைப்பு அறுந்தால், எதிர்ப்பக்கம் ஏற்றுக்கொண்டதா இல்லையா என்று நம் வழங்கிக்குத் தெரியாது. இழப்பதைவிட இருமுறை சேர்வது மேல் என்பதால் அது மீண்டும் அனுப்பும். பதிவேட்டிலேயே "செய்தி ஒன்றுக்கு மேற்பட்ட முறை அனுப்பப்படலாம்" என்ற வரி இருக்கும்.

இனி ஸ்பேம் பெட்டி. பொறுமை தேவைப்படும் பகுதி இதுதான். சேர்ந்த அஞ்சல் ஒன்றின் ஹெடரில் ஆதென்டிகேஷன் ரிசல்ட்ஸ் என்ற வரியைத் தேடுங்கள். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ஆகிய மூன்றுக்கும் பெறுபவர் தந்த தீர்ப்பு அங்கே இருக்கும். இரண்டாவது இணைப்பு வழியாகப் போனவை எஸ்பிஎஃப்பில் தோற்றிருக்கும். அது இப்போது தீர்ந்திருக்கும். தங்கள் எஸ்பிஎஃப் பதிவையும் இங்கே இட முடியுமா?

இழையைத் தொடங்கியவர்

எஸ்பிஎஃப்புக்குப் பெர்ம்எரர் (நிரந்தரப் பிழை) என்று வந்திருக்கிறது. டிகிம், டிமார்க் இரண்டுக்கும் நன் (none, எதுவும் இல்லை) என்று இருக்கிறது. எஸ்பிஎஃப் பதிவில் ஏ, எம்எக்ஸ் (டொமைனின் முகவரியையும் அதன் அஞ்சல் வழங்கியையும் சுட்டுபவை), எங்கள் ஐபி, இவற்றோடு கணக்குப்பதிவு மென்பொருள், செய்திமடல் சேவை, இணையதளம் இருக்கும் இடம், வாடிக்கையாளர் உதவிச் சேவை எனப் பிறரின் எஸ்பிஎஃப் பதிவுகளைச் சேர்க்கும் பல இன்க்ளூடுகள் உள்ளன. சிலவற்றை நாங்கள் இப்போது பயன்படுத்துவதே இல்லை.

வழங்கி நிர்வாகி

பெர்ம்எரருக்குக் காரணம் அந்த இன்க்ளூடுகள்தான். எஸ்பிஎஃப்பை மதிப்பிடும்போது 10 டிஎன்எஸ் தேடல்களுக்கு மேல் தேவைப்பட்டால் மதிப்பீட்டைக் கைவிட வேண்டும் என்பது 2014இல் வெளியான இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 7208இன் விதி. ஏ, எம்எக்ஸ், இன்க்ளூட் ஒவ்வொன்றும் ஒரு தேடல். ஓர் இன்க்ளூடுக்குள் இருக்கும் இன்க்ளூடுகளும் கணக்கில் சேரும். ஐபி முகவரியை நேராக எழுதினால் தேடல் இல்லை. எனவே பயன்படுத்தாத சேவைகளை நீக்குங்கள். ஏ, எம்எக்ஸ் இரண்டையும் எடுத்துவிட்டு 203.0.113.10ஐ நேரடியாக வையுங்கள். ஒரே டொமைனுக்கு இரண்டு எஸ்பிஎஃப் பதிவுகள் இருந்தாலும் இதே பெர்ம்எரர் வரும் என்பதால், பழையது எங்கேனும் தங்கியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். செய்திமடலைத் துணை டொமைன் ஒன்றுக்கு நகர்த்துவது இன்னும் நல்லது: அதன் மேல் வரும் புகார்கள் இன்வாய்ஸ்களைப் பாதிக்கும் வாய்ப்பு குறையும்.

அடுத்து டிகிம். 2048 பிட் சாவி போடுங்கள். அதன் பொதுச்சாவியை டிஎன்எஸ்ஸில் வெளியிடும் டிஎக்ஸ்டி பதிவின் மதிப்பு ஒரு சரத்துக்குரிய 255 பைட் வரம்பைத் தாண்டும். ஒரே பதிவுக்குள் அதைப் பல சரங்களாக மேற்கோள் குறிகளுக்கு இடையில் பிரிக்க வேண்டும். பல டிஎன்எஸ் பலகங்கள் இதைத் தாமே செய்யும், சில அமைதியாக வெட்டிவிடும். பதிந்த பிறகு டிக்கில் பார்த்து, கடைசி எழுத்துவரை இருப்பதை உறுதிசெய்யுங்கள்.

எஸ்பிஎஃப் சோதிப்பது உறையின் மேலுள்ள அனுப்புநரை, அதாவது வழங்கிகளின் உரையாடலில் அறிவிக்கப்படும் அனுப்புநரை. வாசிப்பவர் கண்ணில் படும் ஃப்ரம் வரியை அது பார்ப்பதே இல்லை. இந்த இடைவெளியை நிரப்புவதற்கே டிமார்க் வந்தது. எஸ்பிஎஃப் அல்லது டிகிம் இரண்டில் ஒன்றாவது தேறியிருக்க வேண்டும், தேறிய டொமைன் ஃப்ரம் வரியின் டொமைனோடு பொருந்தவும் வேண்டும் என்பதே அதன் கேள்வி. முதலில் கொள்கையை நன் (none, எதையும் தடுக்காதே) என்று வைத்து, அறிக்கை வரவேண்டிய முகவரியை மட்டும் குறிப்பிடுங்கள். தங்கள் பெயரில் எங்கெங்கிருந்து அஞ்சல் போகிறது என்ற அறிக்கைகள் வரத் தொடங்கும். அவற்றைப் படிக்காமல் ரிஜெக்ட் என்று மாற்றினால், மறந்துபோன ஏதோ ஒரு மென்பொருள் அனுப்பும் ரசீதுகள் வாடிக்கையாளர்களைச் சேராமலே போகும்.

வணிக மின்னஞ்சல் ஆலோசகர்

டிமார்க் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். நான் பரிந்துரைத்த ரிலேயும் இந்த வேலையை மிச்சப்படுத்தாது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ரிலேயின் சொந்த டொமைனில் எஸ்பிஎஃப் தேறினாலும் தங்கள் ஃப்ரம் வரியோடு பொருந்தாவிட்டால் பயனில்லை. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் விதிகளை இறுக்கிவிட்டன. தனிப்பட்ட ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5000 அஞ்சல் அளவில் அனுப்புவோர் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் வைத்திருக்க வேண்டும். அதற்குக் கீழே அனுப்புவோரும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றையும், இரு திசையிலும் பொருந்தும் பிடிஆரையும் வைத்திருந்தே ஆக வேண்டும். ஸ்பேம் புகார் விகிதம் 0.3 விழுக்காட்டைத் தொடக் கூடாது என்பதும் அவ்விதிகளில் அடங்கும்.

இன்னொரு இடத்தையும் பாருங்கள். தங்கள் இணையதளத்தின் தொடர்புப் படிவம், பார்வையாளர் தரும் முகவரியையே ஃப்ரம் வரியில் போட்டு அஞ்சல் அனுப்புகிறதா? அப்படியானால் அந்தப் பார்வையாளரின் டொமைன் பெயரில் தங்கள் வழங்கி பேசுகிறது. அது டிமார்க்கில் தோற்கும், தங்கள் ஐபியின் நற்பெயரும் குறையும். ஃப்ரம் வரியில் தங்கள் சொந்த முகவரியை வைத்து, பார்வையாளரின் முகவரியை ரிப்ளை டூ வரிக்கு மாற்றுங்கள்.

தடைப்பட்டியலை நீங்களே சோதிக்கும்போது ஓர் எச்சரிக்கை. பொது டிஎன்எஸ் சேவைகள் வழியாகக் கேட்டால் ஸ்பாம்ஹாஸ் 127.255.255.254 என்று விடை தரும். அதற்கு "பட்டியலில் இருக்கிறீர்கள்" என்று பொருள் அல்ல, "இந்த வழியாகக் கேட்காதே" என்று பொருள். சொந்த ரிசால்வர் (டிஎன்எஸ் விடைகளைத் தேடித் தரும் மென்பொருள்) வழியாகக் கேளுங்கள்.

இழையைத் தொடங்கியவர்

படிவம் அப்படியேதான் இருந்தது, மாற்றிவிட்டோம். எஸ்பிஎஃப் குறுகியது, டிகிம் தேறுகிறது, டிமார்க் அறிக்கைகள் வரத் தொடங்கியிருக்கின்றன. சோதனை அஞ்சல்கள் இப்போது இன்பாக்ஸிலேயே விழுகின்றன. மாதக் கடைசியில் எல்லா இன்வாய்ஸ்களும் ஒன்றாகப் புறப்படும்போது மட்டும், ஒரு குறிப்பிட்ட சேவை "421, மிக வேகமாக அனுப்புகிறீர்கள்" என்கிறது. வரிசையை உடனடியாக அனுப்பச் சொல்லும் கட்டளையைத் திரும்பத் திரும்ப இட்டால் நிலைமை மோசமாவது போலத் தெரிகிறது. ரிலேவுக்குப் போக வேண்டிய கட்டம் இதுதானா?

வழங்கி நிர்வாகி

இன்னும் இல்லை. அந்தக் கட்டளையை இடுவதை நிறுத்துங்கள். "மெதுவாக வா" என்று சொன்னவரின் கதவை மேலும் தட்டுவதாகும் அது. போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு டொமைனுக்கு இயல்பில் 20 இணைப்புகள் வரை ஒரே நேரத்தில் திறக்கும். மாஸ்டர் கோப்பில், அஞ்சலை வெளியே அனுப்பும் எஸ்எம்டிபி டிரான்ஸ்போர்ட்டின் நகல் ஒன்றை வேறு பெயரில் உருவாக்கி, அந்தச் சேவையின் டொமைனை மட்டும் டிரான்ஸ்போர்ட் அட்டவணையில் அதனோடு இணையுங்கள். அந்த நகலுக்கு டெஸ்டினேஷன் ரேட் டிலே மதிப்பை 2 நொடியாக வையுங்கள். அதன் பிறகு அந்த டொமைனுக்கு ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும், மற்ற டொமைன்களின் வேகம் குறையாது. அடுத்த மாதக் கடைசியில் 421 மீண்டும் வந்தால் இடைவெளியை 5 நொடியாக்குங்கள். வரிசையில் அந்த டொமைனுக்குரியவை எவ்வளவு நேரத்தில் காலியாகின்றன என்பதை இங்கே தெரிவித்தால் அதற்கேற்ப மேலும் சொல்கிறேன்.